நஞ்சீயரின் பட்டோலையும் காவிரி வெள்ளமும்



திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வியாக்கியானங்களுள் காலத்தால் இரண்டாவது, நஞ்சீயர் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படி. ஒற்று நீக்கி 32 எழுத்துகள் கொண்டது ஒரு படி. ஆகவே 9000 படி என்றால் 2,88,000 எழுத்துகள். பேரேடுகளோடு காலம் கழித்த அடியேனுக்கு இந்தப் பெருக்கல் முதலில் கண்ணில் படுவது இயல்பே. அத்தனை எழுத்தும் எழுத்தாணியால் ஓலையில் கீறப்பட்டவை என்பதை மனத்திற்கொண்டால் பின்வரும் சரிதத்தின் கனம் விளங்கும்.

நஞ்சீயர் பூர்வாச்ரமத்தில் மாதவர் என்னும் பெயருடைய அத்வைத வேதாந்தி. திருநாராயணபுரத்தில் பெருஞ்செல்வத்தோடு வாழ்ந்தவர். பராசர பட்டர் அங்கு எழுந்தருளி, உணவு வேண்டா, தர்க்க பிக்ஷையே வேண்டும் என்று கேட்டு, பல நாள் வாதம் செய்து அவரைத் திருத்திப் பணிகொண்டார். பின்னர் மாதவர் தம் செல்வத்தை மூன்று கூறாக்கி, இரண்டை மனைவியர் இருவர்க்கும் கொடுத்து, ஒன்றை ஆசார்யனுக்கென்று எடுத்துக்கொண்டு, ஸந்யாஸம் மேற்கொண்டு திருவரங்கம் சேர்ந்தார். மனைவியரின் பங்கைத் தீர்த்துவிட்டே துறந்தார் என்பது கவனிக்கத்தக்கது. துறவு என்ற பெயரில் கடனை வீட்டார் தலையில் விட்டுச் செல்வோரை உலகம் கண்டிருக்கிறது.

அந்தத் துறவையும் அவர் பெரிதாக எண்ணவில்லை. பட்டரின் பல்லக்கை ஒரு தோளில் தாங்கியபோது, த்ரிதண்டம் ஏந்திய யதிக்கு இது தகாது என்று பட்டர் தடுத்தார். தேவரீர் கைங்கரியத்துக்கு இது தடையாகுமானால் தண்டத்தை முறித்துவிடுவேன் என்றாராம்.

அத்தகையவர் தாம் எழுதிய பட்டோலையை நன்றாகப் பிரதி செய்ய ஒருவரைத் தேடினார். நம்பூர் வரதராசரைக் காட்டினார்கள். ஜீயர் அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்து, நூல் முழுவதையும் ஒருமுறை ஸாதித்து, ஓலைக்கட்டைக் கொடுத்தார். தம் ஊரில் இருந்து எழுதுவதாகச் சொல்லிப் புறப்பட்ட வரதராசர், காவிரியில் நீந்திக் கடக்கும்போது வெள்ளம் கட்டினை அடித்துக்கொண்டு போயிற்று. கரையேறியவர், கேட்டதை நினைவில் கொண்டே நூல் முழுவதையும் எழுதினார். தமிழில் வல்லவராதலால் சிற்சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறந்த பொருள்களும் அதில் கலந்தன.

ஜீயர் பார்த்தார், தம் கருத்தே, ஆயினும் தாம் எழுதாத நயங்கள். என்ன நிகழ்ந்தது என்று வினவ, வரதராசர் மறைக்காமல் சொன்னார்.

எங்கள் பெருமாநல்லூர், திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தைப்போர்க்கு ஒரு நியதி உண்டு. ஒப்புக்கொண்ட மாதிரியில் ஒரு தையல் மாறினாலும் சரக்கு திரும்பிவிடும். வணிகத்தில் அது சரியே. அவ்வளவு கொண்டு பார்த்தால் வரதராசர் செய்தது இரட்டைக் குற்றம்: மூலத்தை இழந்தார், பிரதியை மாற்றினார். இழந்த உழைப்போ ஜீயருடையது. அவர் மனத்தில் சிறிது கலக்கம் எழுந்திருந்தாலும் குறைகூற இயலாது. ஆனால் அவர் பேருவகையோடு அணைத்து, 'நம்பிள்ளை' என்று அழைத்துத் திருக்கலிகன்றிதாசர் என்னும் திருநாமமும் சாத்தினார். தமக்கு மேலாக ஒரு சீடன் எழுவதைக் கண்டு மகிழ்வதற்கு, பல்லக்குத் தாங்கிய அதே தோள்தான் வேண்டியிருந்தது என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. பிறர் துன்பம் கண்டு ஐயோ என்று இரங்குவதே வைஷ்ணவத்வத்தின் அடையாளம் என்று அருளியவரும் இவரே; வெள்ளத்தில் ஏட்டைப் பறிகொடுத்தவனின் நடுக்கத்தை அவர் அறியாதிருப்பாரா?

நம்பிள்ளையின் காலக்ஷேபத்துக்குப் பின்னாளில் திரண்ட கூட்டத்தைக் கண்டு, இது நம்பெருமாள் கோஷ்டியோ நம்பிள்ளை கோஷ்டியோ என்று வியந்தார்களாம். பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் எழுதிவைக்க, அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி ஆயிற்று. அதைக் கண்ட நம்பிள்ளையோ, அனுமதியின்றி எழுதியது ஏன் என்று கேட்டு ஓலைகளை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னரே அது ஈயுண்ணி மாதவர் கைக்கு வந்தது.