ஓவியமறியாதார் வரையும் விளக்கப்படம்

வகுப்பிற்கு விளக்கப்படமொன்று வரைக எனின், "யாம் ஓவியரல்லேம்" என்று பின்வாங்குவார் பலர். கிரிமியப் போரில் புண்பட்டு இறந்தாரினும் நோயால் இறந்த வீரரே மிக்கார் என்பதை 1858-ஆம் ஆண்டிற் படத்தாற் காட்டிய பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செவிலித் தொழிலினர். அவர் ஒரு கருத்தை எடுத்து, அதனை அளவாற் புலப்படுத்தினார்.

மரக்காணத்து உப்பளத்தை இம்முறையிற் காட்டுவோம். பாத்தியையும் ஆளையும் வரைய வேண்டா. அளவுகோல்கொண்டு ஒத்த கட்டங்கள் பத்தை வரிசையாக இடுக. அவை பாத்தியிற் பாய்ச்சிய கடல்நீராம். வெயிலும் காற்றும் ஒன்பது பங்கைக் கவர்ந்து, ஏறத்தாழ ஒரு பங்கே எஞ்சியபின் கறியுப்புப் படியத் தொடங்கும். ஆதலின் ஒன்பதை வெறிதே விட்டு, இறுதிக் கட்டத்திற்கு மட்டும் நீலந் தீட்டி, "உப்பு விளையும் நிலை" என்றெழுதுக.

இடையே பெருமழை பெய்யின், வெறுங்கட்டங்களில் மீண்டும் நீரேறும். விளைந்த உப்புங் கரையும். தொழிலாளர் பன்னாள் உழைப்பும் வீணாம். இதனை இரண்டாம் வரிசையாகக் கீழே வரைக.

முடிந்தபின், பொருளுரையாது தோழரொருவரிடம் காட்டுக. உப்பளத்தார் மழைக்கு அஞ்சுவது ஏனென்பதை அவர் தாமே கூறுவராயின், படம் நன்கமைந்ததெனக் கொள்க.