ஏரி மீன்பிடிப்புக்கு ஏற்ற படகும் வலையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் குஞ்சு வாங்கி விடுகிறார்கள். தை பிறந்ததும் மீனைப் பிடித்துப் பணமாக்க வேண்டிய கட்டம் வருகிறது. அப்போதுதான் 'ஒரு படகு இருந்தால் தேவலை' என்ற பேச்சு எழுகிறது. நாலைந்து பேர் பங்கு சேர்ந்து, கடனும் வாங்கி, கண்ணில் பட்ட படகை வாங்கிவிடுகிறார்கள். மறு ஆண்டு அது கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. படகுக் கடன் மட்டும் கவிழாமல் நிற்கிறது.

புதுச்சேரி பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் இவற்றில் பெரியவை. மற்றவை பெரும்பாலும் சிறியவை, மழையை நம்பியவை. 1999-ல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் உதவியோடு தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் இவை சீரமைப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அப்படியும் சித்திரை, வைகாசியில் பல ஏரிகளில் தண்ணீர் இடுப்பளவுக்கும் கீழே போய்விடும். ஆகவே படகுக்கு வேலை இருப்பது ஆண்டில் மூன்று, நான்கு மாதங்கள்தான். வாங்குமுன் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஏரியை அளந்து பாருங்கள்

பத்தடி மூங்கில் கழி ஒன்றில் அடிக்கு ஒரு கோடு கீறிக்கொண்டு, தை மாதத்தில் மதகருகே, நடு ஏரியில், நீர்ப்பிடிப்பு ஓரத்தில் என்று பல இடங்களில் ஆழம் பார்க்க வேண்டும். நடு ஏரிக்குப் போக வேண்டியிருப்பதால் நீச்சல் தெரிந்த இருவர் இரவல் பரிசலில் போய் அளப்பது நல்லது. மூன்றடிக்குக் குறைவாக இருந்தால் படகே வேண்டாம்; இழுவலையும் ஆட்களும் போதும். ஏழெட்டு அடி வரை பரிசல் போதுமானது. அதற்கு மேல் ஆழமும், காற்றடித்தால் அலை எழும்பும் அளவுக்குப் பரப்பும் இருந்தால்தான் அடி தட்டையான பைபர் படகைப் பற்றி யோசிக்கலாம்.

ஆழத்தோடு அடித்தரையையும் பார்க்க வேண்டும். ஏரி உட்புறங்களில் கருவேல மரம் வளர்க்கப்பட்டு, வெட்டப்பட்டிருக்கலாம். வெட்டிய கட்டைகள் தண்ணீருக்குள் ஓரடி ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். முள்ளும் கிடக்கும். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர்களும் உண்டு. இந்த மாதிரி ஏரியில் தார்ப்பாய் போர்த்திய பரிசலோ, லாரி டியூபோ ஒரே நாளில் ஓட்டையாகிவிடும். ஆகாயத்தாமரை மண்டிய ஏரியில் எந்தப் படகும் ஓடாது. அதை வாரி எடுக்கிற கூலியை முதலில் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீட்டு நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்ப்பவர்களுக்குப் படகு அடியோடு தேவையில்லை. தண்ணீரை இறைத்துப் பாசனத்துக்கு விட்டுவிட்டு இழுவலை போட்டால் மீன் முழுவதும் கரைக்கு வரும். இதற்கு நேர்மாறானவை வானூர் வட்டாரத்துக் கல்குவாரிக் குட்டைகள். அங்கே கரையே கிடையாது. பாறை செங்குத்தாக இறங்கும். கால் ஊன்ற இடமில்லை. படகில்லாமல் அங்கே வலை கட்ட முடியாது. ஆனால் அது தனியொருவர் செய்யும் தொழிலும் அல்ல.

ஒல்லிப் படகும் பரிசலும்

நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றுப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் கயாக் என்ற ஒல்லிப் படகில் உட்கார்ந்து இருபுறமும் துடுப்புப் போட்டுச் செல்வதை இளைஞர்கள் பார்க்கிறார்கள். இதிலேயே மீனும் பிடிக்கலாமே என்ற ஆசை வருவது இயற்கை. மேல்நாடுகளில் தூண்டில் போடுபவர்கள் இதை விரும்பி வாங்குகிறார்கள் என்பதும் உண்மைதான். அவர்கள் ஒரு மீனை இழுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவதும் உண்டு. குத்தகைக் காசு கட்டியவருக்கு அது கட்டுபடியாகாது.

கயாக் வேகமாகப் போகும். காற்றை எதிர்த்து நேராகச் செல்லும். ஆனால் அதன் அகலம் இரண்டரை அடிதான். ஈர வலையையும் மீனையும் பக்கவாட்டில் குனிந்து இழுக்கும்போது உடம்பின் பாரம் ஒரு பக்கம் சாயும். அப்போது படகும் கூடவே சாயும். வலை வைக்க இடமில்லை. இரண்டாவது ஆளுக்கும் இடமில்லை.

பரிசலின் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மீட்டர் குறுக்களவு உள்ள பரிசல் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் ஏறக்குறைய 30 கிலோவைத் தாங்கும். அடி வளைந்திருப்பதால் இது சற்றுக் குறையும். இரண்டு பேர் 120 கிலோ, வலை 15 கிலோ, மீன் 60 கிலோ, பரிசலின் எடை 40 கிலோ என்று வைத்தாலும் நாலைந்து அங்குலத்துக்கு மேல் தண்ணீரில் இறங்காது. பத்தடி நீள கயாக் அதே ஒரு சென்டிமீட்டருக்குப் பாதி எடையைத்தான் தாங்கும். முழங்கால் தண்ணீரிலும் பரிசல் ஓடும். வேலை முடிந்தால் ஒருவர் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து வந்துவிடலாம்.

இது நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. 1520-களில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியரான டொமிங்கோ பாயெஸ், கூடை போல் வட்டமாகப் பின்னித் தோல் போர்த்திய படகுகளில் மக்கள் துங்கபத்திரையைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். தோலின் இடத்தில் பிற்காலத்தில் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் பாயும் வந்தன. மேட்டூர் அணையில் கணவனும் மனைவியுமாகப் பரிசலில் போய் வலை கட்டுவது சாதாரணக் காட்சி. ஒருவர் துடுப்புப் போட, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் வலையை இழுக்கிறார். பாரம் இரு பக்கமும் சமமாக நிற்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இருவரும் ஒரே பக்கம் வந்தால் பரிசலும் கவிழும்.

பரிசலில் குறை இல்லாமல் இல்லை. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. துடுப்பை முன்னால் வைத்து எட்டுப் போடுவது போல் வளைத்து இழுக்கத் தெரியாதவர் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார். பலத்த காற்றில் அது காற்றின் பக்கமே போகும். பழகுவதற்கு நாலைந்து நாள் ஆகும். அதை நெஞ்சளவுத் தண்ணீரில் பழக வேண்டும்.

மூங்கில் பரிசலா, பைபர் பரிசலா என்பது அடுத்த கேள்வி. மூங்கில் பரிசல் விலை குறைவு. ஆனால் ஆண்டுதோறும் தார் பூச வேண்டும், முள்ளுக்கு ஆகாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் உள்நாட்டு நீர்நிலைகளுக்கென்று பைபர் பரிசலை உருவாக்கியிருக்கிறது. இது முள்ளுக்கு அஞ்சாது. பல ஆண்டு உழைக்கும். கட்டையில் இடித்து விரிசல் விட்டால் பைபர் பாயும் ரெசினும் கொண்டு ஒட்டிவிடலாம். கருவேலங்கட்டை உள்ள ஏரிக்கு இதுதான் உகந்தது. வாங்கும்போது அடிப்புறத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கும் ஒரே மாதிரி கெட்டியான ஓசை வர வேண்டும். சில இடத்தில் பொள்ளென்று கேட்டால் உள்ளே காற்று நின்றிருக்கிறது என்று பொருள். அதை வாங்கக் கூடாது.

தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் தைத்துச் செய்த தெப்பமும், லாரி டியூபும் மலிவானவை. கரையோரம் வீச்சு வலை போட இவை உதவலாம். நடு ஏரிக்கு இவற்றை நம்பிப் போவது தற்கொலைக்குச் சமம்.

வலைதான் முதல் செலவு

கையில் உள்ள தொகையில் வலைக்கு முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில்தான் படகைப் பார்க்க வேண்டும். படகு இரவல் கிடைக்கும். தவறான கண் உள்ள வலையோ அடுத்த ஆண்டு வருமானத்தையும் சேர்த்து அழித்துவிடும்.

செவுள் வலையில் மீன் மாட்டுவது எப்படி என்று தெரிந்தால் கண்ணைத் தேர்வு செய்வது எளிது. மீனின் தலை கண்ணுக்குள் நுழைய வேண்டும். வயிறு நுழையக் கூடாது. ஆகவே வீச்சு வலை போட்டு நாலைந்து மீனைப் பிடித்து, ஒரு நூலால் இரண்டு இடத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். ஒன்று செவுள் மூடியை ஒட்டி. மற்றொன்று உடம்பு மிகப் பருத்த இடத்தில். கண்ணின் நான்கு பக்கமும் சேர்ந்த நீளம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, செவுளருகே 22 சென்டிமீட்டர், பருத்த இடத்தில் 27 சென்டிமீட்டர் என்றால், முடிச்சுக்கு முடிச்சு 6 சென்டிமீட்டர் உள்ள வலை சரியாக இருக்கும். நான்கு பக்கம் சேர்ந்தால் 24 ஆகிறதல்லவா? கடையில் சிலர் கண்ணை இழுத்துப் பிடித்து 12 என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றே. எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டு, அளந்து வாங்க வேண்டும்.

கட்லாவுக்குத் தலை பெரிது, உடம்பு அகலம். ரோகுவுக்கு என்று வாங்கிய வலையில் கட்லா எடை போடுமுன்பே மாட்டிக்கொள்ளும். இரண்டும் கலந்து விட்ட ஏரியில் கட்லாவின் அளவைக் கொண்டு பெரிய கண்ணாக வாங்குவது லாபம். ஜிலேபிக்காகச் சின்னக் கண் செவுள் வலை கட்டும் வழக்கம் கெடுதலானது. ஜிலேபிக்கு வீச்சு வலை போதும். சின்னக் கண்ணில் முதலில் சாவது காசு கொடுத்து வாங்கி விட்ட கெண்டைக் குஞ்சுதான்.

வலையைக் கயிற்றில் கோக்கும்போது இழுத்துக் கட்டக் கூடாது. நூறு மீட்டர் இழுத்த வலையை ஐம்பது மீட்டர் கயிற்றில் தளர்வாகக் கட்டினால் கண் நன்றாக விரிந்து நிற்கும். கட்லா மேல் தண்ணீரில் மேய்வது. அதற்கு மிதவை கூட்டி மேலே நிறுத்த வேண்டும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில் மேய்பவை; அவற்றுக்குக் குண்டு கூட்டி அடியில் படிய விட வேண்டும். தங்கூசி வலை தண்ணீரில் தெரியாததால் அதிகம் பிடிக்கும். ஆனால் கட்டையில் சிக்கினால் கிழியும். கிழிந்த துண்டு தண்ணீருக்குள் கிடந்து மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். கட்டை நிறைந்த ஏரிக்கு நைலான் நூல் வலையே மேல்.

மாலையில் கட்டி விடியலில் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறிய பின் வலையில் கிடக்கும் மீன் சந்தைக்குப் போவதற்குள் கெட்டுவிடும். மற்றொரு காரணமும் உண்டு. நீர்க்காகம் பகலில் மூழ்கி மீன் தேடும் பறவை. பகல் வலையில் அது சிக்கிச் சாகும், வலையும் கிழியும்.

ஊசுட்டேரி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அதன் புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் படகோ வலையோ இறக்கக் கூடாது. மற்ற ஏரிகளிலும் குத்தகைப் பத்திரத்தில் வலைக்கண் பற்றியோ படகு பற்றியோ நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே சாமான் வாங்க வேண்டும். குருமாம்பேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் மீன்வளத் துறையிலும் ஆலோசனை கேட்கலாம்.

உயிருக்கு உறுதி

நீச்சல் தெரிந்தவர்களும் ஏரியில் இறந்திருக்கிறார்கள். வலை காலில் சுற்றினால் நீச்சல் உதவாது. ஆளுக்கொரு லைப் ஜாக்கெட் வாங்குவது வீண் செலவல்ல. அதைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் மாட்டி வார் இறுக்கியிருக்க வேண்டும். இடுப்பில் உறையோடு ஒரு சிறு கத்தி இருக்கட்டும், சுற்றிய வலையை அறுக்க. வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு படகில் ஏறக் கூடாது. மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேன் ஒன்று ஏறக்குறைய 5 கிலோவைத் தாங்கும். இரண்டைக் கயிற்றில் கட்டிப் பரிசலில் வைத்திருந்தால், விழுந்தவரிடம் எறியலாம். லைப் ஜாக்கெட்டுக்கு இது மாற்றல்ல. உபரியாக இருக்க வேண்டியது.

மதகு திறந்திருக்கும்போது அதன் அருகே போகக் கூடாது. கலங்கல் வழிகிற நாட்களில் படகு இறக்கவே வேண்டாம். இடி கேட்டால் வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும்; வலை காலையிலும் அங்கேதான் இருக்கும்.

கோடையில் பராமரிப்பு

ஏரி வற்றியதும் பரிசலைக் கரையிலேயே விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. வெயிலில் பைபரின் மேல்பூச்சு வெடிக்கும். மூங்கிலைக் கரையான் தின்னும். கழுவிக் காய வைத்து, நிழலில், தரையில் படாமல் மூன்று கல்லின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். வலையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கிழிசலை அன்றே முடிந்து, எலி எட்டாதபடி உத்தரத்தில் தொங்கவிட வேண்டும். செதிலும் மீன் நாற்றமும் போகாமல் மூட்டை கட்டினால் எலி தேடி வரும். வெயிலில் நாட்கணக்கில் கிடந்த நைலான், பார்க்கப் புதிதாக இருந்தாலும் இழுத்தால் பொடுக்கென்று அறுந்துவிடும். புரட்டாசியில் வலையை எடுத்ததும் நாலைந்து கண்ணை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கலாம்.