வீட்டுப் போனின் காவல்காரன்



போனில் இணையம் பார்க்க உதவும் குரோம் போன்ற செயலிக்குப் பிரவுசர் என்று பெயர். தமிழில் உலாவி என்பார்கள். குரோமுக்குள் ஒரு காவல்காரன் உண்டு. அவன் பெயர் சேஃப் பிரவுசிங். ஏமாற்றுத் தளங்கள் எவை என்று கூகுள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நாம் திறக்கும் தளம் அந்தப் பட்டியலில் இருந்தால் சிவப்புப் பக்கம் வந்து தடுக்கும்.

மூன்று புள்ளிகளைத் தொட்டு செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சேஃப் பிரவுசிங் என்று போனால் மூன்று நிலைகள் தெரியும். கூடுதல் பாதுகாப்பு, சாதாரண பாதுகாப்பு, பாதுகாப்பு இல்லை. மூன்றாவது நிலை தானாக வராது. வீட்டில் யாரோ ஒருவர் மாற்றினால்தான் வரும்.

எங்கள் வீட்டில் அந்த யாரோ ஒருவர் என் அண்ணன். புதுப்படம் இறக்குகிற தளத்தைத் திறந்தால் சிவப்புப் பக்கம் வருகிறதாம். "சும்மா பயமுறுத்துதுடி" என்று ஆஃப் பண்ணிவிடுவான். நான் ஆன் பண்ணுவேன். மறுபடி ஆஃப் பண்ணுவான். வீட்டில் இருப்பதோ ஒரே போன். அம்மா மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்டுகிற பணம் உள்ள வங்கிக் கணக்கும் அதில்தான், ஓடிபி வருவதும் அதில்தான்.

பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த ஃபேமிலி லிங்க் என்று ஒரு செயலி இருக்கிறது. அண்ணனைத் தங்கை கட்டுப்படுத்த இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை! அதனால் ஏன் ஆஃப் பண்ணுகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

அப்பா செட்டிங்ஸ் பக்கமே போக மாட்டார். ஆனால் எந்த எச்சரிக்கை வந்தாலும் படிக்காமல் தாண்டிப் போவார். எங்கள் பழைய போனில் சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்தால் தேதி மாறிவிடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. பிரவுசர் அதைப் போனின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். போன் 2015 என்று காட்டினால் நல்ல தளத்தின் சான்றிதழும் செல்லாது. உடனே, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்றோ கடிகாரம் தவறு என்றோ எச்சரிக்கை வரும். தினமும் வந்தால் யார்தான் மதிப்பார்கள்? தேதி, நேரத்தைத் தானியங்கியாக வைத்தேன். தொல்லை நின்றுவிட்டது. நீங்களும் பாருங்கள், எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை வந்தால் தேதி தவறாக இருக்கலாம். ஒரு தளத்தில் மட்டும் வந்தால் உள்ளே போகாதீர்கள்.

அம்மாவுக்கு "உங்கள் போனில் வைரஸ்" என்று அடிக்கடி வரும். அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுமதி கொடுத்ததன் விளைவு. சைட் செட்டிங்ஸில் அதை நீக்கினால் போதும்.

அண்ணனிடம்தான் கஷ்டம். சேஃப் பிரவுசிங் மட்டுமல்ல, வெளியிலிருந்து செயலிகளை நிறுவும் அனுமதியையும் குரோமுக்குக் கொடுத்து வைத்திருந்தான். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். குரோமுக்குக் கொடுத்தால், அதில் இறக்கிய ஏபிகே கோப்பைப் போனில் நிறுவ முடியும். அது திருட்டுச் செயலியாக இருந்து, எஸ்எம்எஸ் படிக்கவும் அனுமதி வாங்கிவிட்டால், ஓடிபி திருடனுக்குப் போய்விடும். படத்தைப் பற்றிப் பேசாமல் இதை மட்டும் சொன்னேன். "அம்மா பணமா?" என்று கேட்டான். அன்றைக்கே இரண்டையும் அவன் கையாலேயே மாற்ற வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் செட்டிங்ஸைச் சரிபார்ப்பது இனி அவன் வேலை என்றும் சொல்லிவிட்டேன். இப்போது சித்தப்பா வந்தால் அவர் போனையும் வாங்கிப் பார்க்கிறான். சிவப்புப் பக்கத்தைத் திட்டுவதை மட்டும் விடவில்லை.

வீட்டில் லேப்டாப் இருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு போதும். பெரும்பாலான புரோகிராம்களை நிறுவ அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும். ஆனால் பிரவுசர் செட்டிங்ஸை அவரவர் கணக்கில் அப்போதும் மாற்ற முடியும். அங்கேயும் பேசித்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.