பால் பற்களும் ப்ரீபயாடிக்கும்: ஒரு நெய்வேலி வீட்டின் பாடம்

பால் பல்லில் சொத்தை விழ மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும்: பல்லில் படியும் கிருமிப் படலம், அதற்குத் தீனியாகும் சர்க்கரை, அந்தச் சர்க்கரை வாயில் தங்கும் நேரம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் வரை ஆகலாம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும் என்பதால், பாட்டிலைச் சப்பியபடி உறங்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம். பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை விரைவாகவே ஆழத்துக்குப் போய்விடும்.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்கும் நெய்வேலி நகரியத்தில் பல வீடுகளின் அன்றாடம் ஷிப்டை ஒட்டியே நகர்கிறது. இக்கட்டுரையாளரின் வீடும் அப்படித்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் பகலில் உறங்க வேண்டும். அழும் குழந்தையை அமர்த்த, சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது வழக்கமாயிற்று. குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயதானபோது மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்ததில், முன் பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடு தெரிந்தது. கீழ் முன் பற்களில் ஒன்றுமில்லை. பால் குடிக்கும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்வதே அதற்குக் காரணம். வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் படி. குழி விழாதவரை அதை மீட்க முடியும் என்றார் பல் மருத்துவர்.

அதற்கு முன்பே, வயிற்றுக்கு நல்லது, பல்லுக்கும் நல்லது என்று நம்பி, குழந்தைக்கு ப்ரீபயாடிக் சத்துமாவு கொடுக்கப்பட்டு வந்தது. ப்ரீபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர் அல்ல. நல்ல நுண்ணுயிர்களுக்கான உணவு. 1995-இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்ற இரு அறிவியலாளர்கள் இச்சொல்லை முன்வைத்தபோது, பெருங்குடல் நுண்ணுயிர்களையே மனத்தில் கொண்டிருந்தனர். தாய்ப்பாலிலுள்ள சிறு சர்க்கரைச் சங்கிலிகளும், சின்ன வெங்காயம், பூண்டு முதலியவற்றிலுள்ள இன்யூலின் வகை நார்களும் குடலில் இவ்வேலையைச் செய்கின்றன. வாயின் கதை வேறு. சில குறுஞ்சங்கிலி நார்களை வாய்க் கிருமிகளும் புளிக்கவைத்து அமிலமாக்கும். அமிலத்தைத் தணிக்கும் காரப்பொருளை வாயிலுள்ள சில நல்ல கிருமிகள் உண்டாக்க ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் உதவுகிறது. ஆனால் துலக்குவதற்கும் ஃபுளோரைடுக்கும் அது மாற்றாகாது. அந்தச் சத்துமாவின் லேபிளைத் திருப்பிப் பார்த்தபோது பொருட்பட்டியலில் சர்க்கரை முன்வரிசையிலேயே இருந்தது. ப்ரீபயாடிக் என்ற பெயரைக் கண்டதும் பொருட்பட்டியலைப் படிக்கத் தவறியது பெரிய பிழை.

நாரை உணவாகவே கொடுப்பது நல்லது. சின்ன வெங்காயம் வதக்கிய பருப்புச் சாதம், பூண்டு ரசம், காய்கறி, சுண்டல் மசியல் இவையே போதும். வாழைப்பழமும் பண்ருட்டிப் பலாச்சுளையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து, பின் தண்ணீர் குடிக்க வைக்கலாம். சுளையைச் சிறு துண்டுகளாக நறுக்கியே தர வேண்டும். பழச்சாறு, தேன், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் பல்லுக்குச் சர்க்கரையே. ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். ஒரே வேளையில் தின்று முடிக்கும் இனிப்பைவிட நாளெல்லாம் கொறிக்கும் பிஸ்கட் அதிகம் கெடுக்கும்.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கியபோது குழந்தை இரவெல்லாம் அழுதது. இரண்டு வாரத்தில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பின் பாலையும் நிறுத்தி, வெறும் தண்ணீர் தந்தபோது பாட்டில் தானாக மறந்துபோயிற்று. பகலில் பால் டம்ளருக்கு மாறியது. துலக்குவதற்கும் ஒரு முறை பிடிபட்டது: தரையில் அமர்ந்து குழந்தையின் தலையை மடியில் சாய்த்தால் மேல் வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். முதல் பல் முளைத்த நாளிலிருந்தே ஃபுளோரைடு பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் துலக்க வேண்டும். 3 வயது வரை அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு பசை போதும். 6, 7 வயது வரை பெரியவரே துலக்கிவிட வேண்டும். இனிப்பான மருந்து சிரப் கொடுத்த பிறகும் வாயைத் துடைத்துவிடுவது நல்லது. முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அந்த வெள்ளைக் கோடு ஒரு வருடத்தில் மங்கிவிட்டது, குழி விழவில்லை. விழுந்துவிடும் பல்தானே என்று விடுவது தவறு: மென்று தின்பதற்கும் தெளிவாகப் பேசுவதற்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் காப்பதற்கும் 20 பால் பற்களும் தேவை. குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.