ஆற்றங்கரைக்கு அந்தப் பிள்ளையும் வரட்டும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தஞ்சைப் பக்கத்தில் ஊட்டியும் கொடைக்கானலும் பிறகு வந்தவை. ஆடி பதினெட்டுக்கு ஆற்றங்கரை, ஆவணியில் வேளாங்கண்ணி, காணும் பொங்கலுக்குக் கல்லணை அல்லது பூம்புகார், முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் பெரிய கோயில். டெல்டாக் குடும்பங்களின் விடுமுறை பெரும்பாலும் இவ்வளவுதான். எல்லா வீட்டிலும் இந்த நாட்களின் போட்டோக்கள் இருக்கும். சில வீட்டுப் போட்டோக்களில் மட்டும் ஒரு பிள்ளை இருக்காது. உதட்டில் பிளவோடு பிறந்த பிள்ளை, பாதம் உள்வாட்டமாக வளைந்த பிள்ளை, முதுகுத்தண்டில் குறையுள்ள பிள்ளை. "வெயில்ல எதுக்கு, அப்பாயியோட இருக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

பாசம் இல்லாத வீடுகள் அல்ல இவை. மருந்துச் செலவுக்கு நகையை அடகு வைத்த வீடுகளும் இவற்றில் உண்டு. பிள்ளையை வாசலைத் தாண்டவிடாமல் பிடித்து வைப்பவை, அது பிறந்த அன்றிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கும் சில நம்பிக்கைகள்தான்.

"கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தா, அதான் இப்படி"

உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தையைக் கிரகண மூளி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிரகண நேரத்தில் கர்ப்பிணி காய் நறுக்கினாள், வெளிச்சம் அவள் மேல் பட்டது என்று காரணமும் சொல்வார்கள். பழி முழுக்கத் தாயின் தலையில் விழும்.

கருவில் உதடு உருவாவது நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். மேலண்ணம் மூடுவது ஆறு முதல் ஒன்பது வாரத்துக்குள். முகத்தின் இரு பக்கத்திலிருந்தும் வளரும் திசுக்கள் நடுவில் வந்து சேராமல் போனால் பிளவு. அந்த நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது. வீட்டுக்குள் பூட்டிவைத்துக் காவல் காப்பதெல்லாம் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் வயிறு தெரியும்போதுதான். அப்போது குழந்தையின் முகம் உருவாகி முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

நம் ஊரில் கிரகணமே தெரியாத ஆண்டுகளிலும் இந்தக் குறை ஏறத்தாழ 700 பிரசவங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் கடந்து மெக்சிகோவிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. அங்கே கர்ப்பிணிகள் உடையில் ஊக்கோ சாவியோ செருகிக்கொள்வார்கள். 2019 டிசம்பர் 26 காலை திருச்சி, திண்டுக்கல், கோவை வட்டாரத்தில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது நினைவிருக்கும். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தால் பார்வை கெடும், அது யாருக்கும் ஆகாது. கிரகணத்தால் மனிதருக்கு வரக்கூடிய கேடு அவ்வளவே. கர்ப்பிணியைப் பல மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் உட்காரவைப்பதுதான் அவளுக்கும் குழந்தைக்கும் கெடுதல்.

"சொந்தத்துல கட்டினதால வந்தது" / "சொந்தத்துல கட்டினா ஒண்ணும் வராது"

இரண்டையும் ஒரே வீட்டில் கேட்கலாம். முதலாவதை மருமகள் வீட்டார் சொல்வார்கள், இரண்டாவதை அடுத்த கல்யாணம் பேசும்போது பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை.

தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் திருமணம் இன்றும் அதிகம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு ஏறத்தாழ 28 விழுக்காடு என்கிறது. மறைந்து நிற்கும் சில மரபணுக் கோளாறுகள் நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. அதே கோளாறு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குழந்தையிடம் வெளிப்படும். அத்தை மகள், மாமன் மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. பிறவிச் செவிட்டுத்தன்மை போன்றவற்றில் இந்த உறவின் கை தெளிவாகத் தெரியும்.

ஆனால் அளவையும் சொல்ல வேண்டும். சொந்தமில்லாத தம்பதிக்கு நூற்றில் இரண்டு, மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக்குறை வரலாம். அத்தை மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அது சுமார் இரட்டிப்பாகும். அப்படியும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. பிளவு உதடு, வளைந்த பாதம், முதுகுத்தண்டுக் குறை ஆகியவை பெரும்பாலும் பல காரணங்கள் சேர்ந்து வருபவை. முற்றிலும் அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வரும். நடந்து முடிந்த கல்யாணத்தைக் கிளறித் தாயைக் குத்துவதில் ஒரு பயனும் இல்லை. பேசவேண்டிய இடம் அடுத்த தலைமுறையின் நிச்சயதார்த்தம்.

"கர்ப்பம் தெரிஞ்சப்புறம் மாத்திரை போட்டாப் போதும்"

பாபநாசம் பக்கம் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதிக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் பிரசாத நெய்யை வாங்கிப்போய் 48 நாள் உட்கொள்வார்கள். அந்த 48 நாட்கள்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரை தொடங்கவேண்டிய நாட்களும்கூட. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளி, சோதித்து, உறுதிசெய்து மாத்திரை தொடங்குவதற்குள் அந்தக் கெடு தாண்டிவிடும். தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்புக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கவேண்டும். ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு, இந்தக் குழாய் சரியாக மூடாததால் வரும் முதுகுத்தண்டுக் குறை இருந்தால் 4 மில்லிகிராம், அதுவும் மருத்துவர் சொல்படி. 1991-இல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று, இந்தக் கூடுதல் அளவை எடுத்த தாய்மாரிடம் மறுபடி அதே குறை வருவது 72 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. "அடுத்ததும் இப்படித்தான் பிறக்கும்" என்று பயந்து நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. வேண்டுதலும் மாத்திரையும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல.

நெல் விளையும் ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரேஷன் அரிசியில் சத்தேற்றிய மணிகளை நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்து தரத் தொடங்கியபோது, களையும் தண்ணீரில் மிதக்கிறது என்று சொல்லி அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிக் கொட்டினார்கள். அது அரிசி மாவிலேயே இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக வார்த்தது. கொட்டவேண்டாம். ஆனால் அதில் இருக்கும் ஃபோலிக் அமிலம் கொஞ்சம்தான், மாத்திரைக்கு ஈடாகாது.

"வளர்ந்தப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்"

வேண்டாம், தள்ளிப்போடாதீர்கள். உதட்டுப் பிளவுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில், அண்ணப் பிளவுக்கு ஒன்றரை வயதுக்குள், அதாவது பேச்சு படியும் முன். அதுவரை பால் கொடுக்க நம் வீட்டுப் பாலாடையே கைகொடுக்கும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலைக் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நடுநடுவே தோளில் சாய்த்து ஏப்பம் வரவைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தை வார்டுகளில் இன்றும் இருக்கும் பாத்திரம் அது.

வளைந்த பாதத்துக்கு இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் அமெரிக்காவின் அயோவாவில் வகுத்த முறைதான் இன்று உலகெங்கும். வாரம் ஒரு மாவுக்கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டு, குதிகால் தசைநாணில் ஒரு சிறு கீறல், பிறகு இரண்டு ஷூவைக் கம்பியால் இணைத்த பிரேஸ். முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுக்க, அதன்பின் தூங்கும்போது மட்டும், நான்கு வயது வரை. அந்த மூன்று மாதம் கழிந்தபின் பகலில் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடலாம். ஆற்றங்கரைக்குப் போகத் தடையே இல்லை. விசேஷத்துக்குப் போன இடத்தில் "ரெண்டு ராத்திரி போடாட்டி என்ன" என்று விடுவதில்தான் ஆபத்து. பாதம் மறுபடி வளைவதற்கு முதன்மையான காரணம் பிரேஸை நிறுத்துவதே. பயணப் பையில் மாற்றுத்துணிக்கு முன்னால் அது போகவேண்டும்.

"வெளியே கூட்டிப்போனா பிள்ளைக்குத்தான் கஷ்டம்"

இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது கஷ்டம் என்று தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். பொதுவாக "வெயில்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

முதுகுத்தண்டுக் குறையுள்ள பிள்ளைகள் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. பெரிய கோயில் பிராகாரத்துக் கல் நண்பகலில் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். நாம் துள்ளி நிழலுக்கு ஓடுவோம். அந்தப் பிள்ளைக்குச் சூடு தெரியாது, தவழ்ந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்காலிலும் பாதத்திலும் கொப்புளம். ஆகவே காலை எட்டு மணிக்குள் அல்லது கல் ஆறிய மாலையில் போகவேண்டும், காலுறை போடவேண்டும், திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். இதே பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் ஒவ்வாமை வரும். திருவிழாக் கடை பலூனை வாங்கித் தருமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலூனுக்குப் பதில் காற்றாடி வாங்கித் தரலாம்.

இதயத்தில் குறையுள்ள பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம், ஆயிரம் பிறப்புக்கு எட்டு, ஒன்பது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும் பிள்ளை தாகத்தோடு வரிசையில் நிற்கக்கூடாது. உடலில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். திடீரென்று நீலம் கூடி மூச்சிரைத்தால் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தபடி மருத்துவமனைக்கு விரையவேண்டும். பிள்ளையின் மருத்துவரிடம், "வேளாங்கண்ணிக்குப் போகிறோம், என்ன கவனிக்கணும்?" என்று நேராகக் கேளுங்கள். போகாதே என்று சொல்லும் சந்தர்ப்பம் குறைவு.

செலவுக்கும் வழி இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம். துணையின்றிப் பயணிக்க இயலாத மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றை மட்டும் முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும்.

"அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது"

எனக்கு மிகவும் வலிக்கிற வாக்கியம் இதுதான். மூன்று வயதுக்கு முன் நடந்ததை யாரும் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பதில்லை. குறையில்லாத பிள்ளைக்கும் இதே கதைதான், ஆனாலும் அவனை விட்டுவிட்டு நாம் போவதில்லை. நினைவு எப்படி வேர்பிடிக்கிறது என்று குழந்தை உளவியல் சொல்வது இதற்கு நேர்மாறானது. போய்வந்த இடத்தைப் பற்றிப் பிள்ளையோடு திரும்பத் திரும்ப, விவரமாகப் பேசும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் நினைவுகள் அதிகம், தெளிவும் அதிகம். நியூசிலாந்தில் பழங்கதை பேசுவதைப் பெரிதாக மதிக்கும் மாவோரி மக்களிடம் முதல் நினைவின் சராசரி வயது மூன்றுக்கும் கீழே என்று ஓர் ஆய்வு கண்டது.

ஆடிப்பெருக்கில் பிள்ளைகள் கயிறு கட்டி இழுத்துப்போகும் சின்னச் சப்பரத்தை நினைத்துப் பாருங்கள். நடக்கமுடியாத பிள்ளையின் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், சப்பரம் ஓடிய தெருவும், அது கவிழ்ந்த திருப்பமும், மஞ்சள் கயிறும், புளியோதரையும் அந்த வீட்டில் வருஷக்கணக்கில் பேச்சாக இருக்கும். பிள்ளைக்குப் பேச்சு வராவிட்டாலும் காதில் விழும். கூடப்பிறந்தவர்களுக்கோ, தம்பி இல்லாத ஆடிப்பெருக்கு, தம்பி இருந்த ஆடிப்பெருக்கு என்ற வித்தியாசம் ஆயுசுக்கும் நிற்கும்.

"பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க"

பார்ப்பார்கள். சிலர் "உச்சு" கொட்டுவார்கள். இது மாறுவதற்குத் தெருவில் இப்படியான பிள்ளைகள் தென்பட்டே ஆகவேண்டும். அதைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்டிவிடக்கூடாது என்பது என் கட்சி. சக்கர நாற்காலி போகாத பிராகாரமும் கைப்பிடி இல்லாத படித்துறையும் பெற்றோரின் தவறல்ல. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதை வரும்வரை எத்தனையோ பேர் அலையைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்தவர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுக் கட்டடம் என்ற சொல்லுக்குள் வழிபாட்டு இடங்களையும் பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. இருக்கிற கட்டடங்களை எல்லாரும் புழங்கும்படி மாற்ற, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக் கெடு கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அணுகல் தரநிலைகள் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்கவேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே இதைப் படிக்கும் பெற்றோருக்கும், அவர்களின் அண்டைவீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக்குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்பும் அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அங்கன்வாடியிலோ 104 என்ற எண்ணிலோ கேளுங்கள். அடுத்த முறை கோயிலுக்கோ ஆற்றங்கரைக்கோ போகும்போது, சாய்தளம் எங்கே, கைப்பிடி எங்கே என்று அங்குள்ள அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் கேளுங்கள்.