இரண்டு பட்டியலிலும் உள்ள வீடு

கூட்டல் தெரிந்தவரும் சில கணக்குகளில் தவறுவதுண்டு. ஒருவரையே இருமுறை எண்ணிவிடுவதுதான் காரணம். அதைத் தடுக்க வென் படம் உதவும். எங்ஙனம் என்பதைக் காண்போம்.

முன்னாளில் கிந்தாப் பள்ளத்தாக்கில் இருந்தவை போன்ற ஒரு ரப்பர்த் தோட்டத்தை எண்ணிக்கொள்வோம். அங்கே 60 குடும்பங்கள். பால் வெட்டுக்குச் செல்வோர் உள்ள வீடுகள் 38. வெளிக்காட்டு வேலைக்குச் செல்வோர் உள்ள வீடுகள் 30. வேறு வேலை அங்கில்லை. அப்படியாயின், வேலைக்குச் செல்வார் எவருமற்ற வீடுகள் எத்தனை?

அவசரக்காரர் இரண்டையும் கூட்டி 68 என்பார். 60 வீடுகள் உள்ள லயங்களில் 68 எங்கிருந்து வந்தது? தந்தை பால் வெட்டவும் தாய் களையெடுக்கவும் செல்லும் வீடு இரண்டு பட்டியலிலும் ஏறியிருக்கிறது. பெரட்டுப் பதிவைப் பார்த்து எண்ணினால் அத்தகைய வீடுகள் 17 எனக் கொள்வோம்.

இனித் தாளில் ஒரு பெரிய கட்டம் வரைக. அது தோட்டம் முழுவதையும் குறிக்கும். அதனுள் ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள் இடுக. ஒன்று பால் வெட்டு, மற்றது வெளிக்காடு. இரண்டிற்கும் பொதுவான நடுப்பகுதியில் முதலில் 17 என எழுதுக. (நடுவிலிருந்து தொடங்குவதே நலம், ஓரத்தில் தொடங்கியவர் பின்னர் அழிப்பானைத் தேடுவர்.) பால் வெட்டு மட்டும் உள்ளவை 38இல் 17 போக 21. வெளிக்காடு மட்டும் உள்ளவை 30இல் 17 போக 13. மூன்று பகுதிகளையும் கூட்ட 51. எஞ்சிய 9ஐ வட்டங்களுக்கு வெளியே, கட்டத்தின் மூலையில் எழுதுக.

அந்த 9 வீடுகளைச் சற்றே நோக்குங்கள். முதியோர் மட்டும் வாழும் வீடாக இருக்கலாம். உழைப்பவரை இழந்த வீடாக இருக்கலாம். 68 எனக் கூட்டியவர் கண்ணில் அவை படவேயில்லை. உதவி அரிசி வழங்க வந்தவர் அவரானால், அவ்வீடுகளின் அடுப்பு என்னாவது?

இப்படத்தை 1880ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கியவர் ஜான் வென். 1834இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் தருக்கம் கற்பித்தவர். அவருக்கு முன்பே ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் வட்டங்களைக் கையாண்டார். ஆயினும் எல்லாப் பொதுப்பகுதிகளையும் முதலில் வரைந்துகொண்டு, எவரும் இல்லாத பகுதியை நிழலிட்டு நீக்கும் முறை வென்னுடையது. அவர் பயின்ற கல்லூரியில் அவர் நினைவாக மூன்று வட்டங்கள் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் பதிக்கப்பட்டுள்ளன.

இப்பொழுது உங்கள் முறை. ஒரு வகுப்பில் 32 மாணவர். பந்து விளையாடுவோர் 20. சடுகுடு ஆடுவோர் 17. எதுவும் ஆடாதோர் 3. இரண்டும் ஆடுவோர் எத்தனை பேர்? இம்முறை நடுவெண் தரப்படவில்லை; ஆகவே மூலையில் 3ஐ எழுதித் தொடங்குக. 8 என வந்தால் சரி. 5 என வந்தால், மூலையில் நிற்கும் மூவரை மறந்துவிட்டீர்கள்.