ஸ்டட் துளையும் கவுண்டர்சிங்கும்

திருவள்ளூரில் 1998-ல் லான்சர் கார் தயாரிக்கத் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ்தான், உத்தரபாராவில் 2014 வரை அம்பாசடரைத் தயாரித்தது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை இன்றும் பிரித்துப் பூட்டுகிறவர்கள் உண்டு.

பிளாக் வார்ப்பிரும்பு. ஹெட் ஸ்டட்டை இறுக்க இறுக்க, துளை வாயிலுள்ள முதல் மரை மேலே இழுபட்டு மேடாகும். அப்புறம் கேஸ்கெட் சரியா உட்காராது, தண்ணீர் கசியும். எனவே பூட்டுமுன் துளை வாயைச் சரிவாக்க வேண்டும்.

எந்த டூல்? 90 டிகிரி, மூன்று வெட்டுமுனை உள்ளது. (82 டிகிரி, இஞ்ச் அளவு ஸ்க்ரூ தலைக்கு.) வேகம் குறைவு, அழுத்தம் சீர். வேகம் கூடினால் டூல் அதிரும், வாய் கோணலாகும். மரையின் வெளிவிட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிசானதும் நிறுத்திடுங்க. வார்ப்பிரும்புக்கு ஆயில் வேண்டாம். முடிந்ததும் தூளைச் சுத்தமா எடுங்க. மிஞ்சினால் பேரிங்கைத் தின்னும்.